வெயிலில் நெடுந்தூர பைக் பயணம்: வண்டியின் சூடு வேறு, உடம்பின் சூடு வேறு

மே மாதத்தில் புதுச்சேரியிலிருந்து திருச்சிக்கு பைக்கில் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "இந்த வெயிலில் வண்டி தாங்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள 100 சிசி வண்டிகூட அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவிடும். ஓட்டுகிறவரால்தான் அப்படி ஓட முடியாது. ஆகவே தாங்குமா என்ற கேள்வியை வண்டியிடம் அல்ல, நம்மிடம் கேட்க வேண்டும். ஏன் இப்படி என்பது பிடிபட்டுவிட்டால், எப்போது நிறுத்துவது, எதை உடுத்துவது, எந்த ஆயில் ஊற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆளைத் தேடிப் போகத் தேவையில்லை.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியே புகையோடு வெளியேறுகிறது, மறு பகுதி இன்ஜின் உலோகத்தில் ஏறி அங்கிருந்து காற்றுக்குப் போகிறது. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 60 வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 33 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. கணக்குப் போட்டால், சக்கரத்துக்குப் போனது போக மீதமாகும் வெப்பம் சுமார் 10 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பத்தை முழுச் சூட்டில் போட்டு, அவற்றுக்கு மேல் உட்கார்ந்து போகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு வெப்பத்தையும் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போவது எதிர்க்காற்றுதான்.

இங்கே ஓர் எளிய விதி இருக்கிறது. ஒரு பொருள் காற்றுக்கு எவ்வளவு வெப்பத்தைக் கொடுக்கும் என்பது, அந்தப் பொருளுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் வெப்பம் விரைவாகப் போகும். சிறிதாக இருந்தால் மெதுவாகப் போகும். காற்று அந்தப் பொருளைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் வந்த வழியே திரும்பி வரும்.

காற்றால் குளிரும் இன்ஜினின் சிலிண்டர் தலைப்பகுதி ஓடும்போது 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருப்பது சாதாரணம். 170 என்று எடுத்துக்கொள்வோம். மார்கழி மாதத்தில் கடலூரில் பகல் காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 140. அக்கினி நட்சத்திரத்தில் பெரம்பலூர் வெளியில் 40 டிகிரி என்றால் வித்தியாசம் 130. குளிரும் திறனில் குறைந்தது நூற்றுக்கு ஏழு பங்குதான். இன்ஜின் இதை ஏறக்குறைய உணராது.

இப்போது அதே கணக்கை நம் தோலுக்குப் போட்டுப் பாருங்கள். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. முப்பது டிகிரிக் காற்றுக்கு எதிரே வித்தியாசம் ஐந்து, வெப்பம் வெளியே போகிறது. நாற்பது டிகிரிக் காற்றுக்கு எதிரேயும் வித்தியாசம் ஐந்துதான், ஆனால் இப்போது வெப்பம் உள்ளே வருகிறது. வேகத்தைக் கூட்டினால் இன்ஜினுக்கு இன்னும் குளிர்ச்சி, நமக்கு இன்னும் சூடு. ஒரே சாலை, ஒரே காற்று, ஆனால் வண்டிக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயம். கோடையில் பைக் பயணத்தைப் பற்றிச் சொல்லப்படும் தவறான அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருபவை.

"ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி இன்ஜினை ஆற வை" என்பது அவற்றில் பழையது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக 60, 70 வேகத்தில் ஓடும் இன்ஜின் தன் வெப்பத்தைத் தானே சமன்செய்துகொள்கிறது. இருநூறாவது கிலோமீட்டரில் இருக்கும் சூடு இருபதாவது கிலோமீட்டரிலேயே வந்துவிட்ட சூடுதான். அதற்கு ஓய்வு தேவையில்லை. நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசியம் நிறுத்துங்கள், ஆனால் உங்களுக்காக நிறுத்துங்கள். வண்டி ஆறுகிறது என்ற எண்ணத்தில் வெயிலில் சாலையோரம் நின்றுகொண்டிருந்தால், ஓய்வு வண்டிக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும். நூறு மீட்டர் தள்ளியிருந்தாலும் புளியமர நிழலைத் தேடிப் போய் நிறுத்த வேண்டும்.

இன்ஜின் எங்கே கஷ்டப்படுகிறது?

திருச்சி நெடுஞ்சாலையில் அல்ல, முருங்கப்பாக்கத்தில். கடலூரிலிருந்து மாலை நேரத்தில் புதுச்சேரிக்குள் நுழைகிறவர்களுக்கு இது தெரியும். அரியாங்குப்பம் தாண்டி, முருங்கப்பாக்கம், மரப்பாலம், நெல்லித்தோப்பு என்று ஊர்ந்து வரும்போது இன்ஜின் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, அள்ளிப் போகக் காற்று இல்லை. முதல் கியரில் பாதி கிளட்ச் பிடித்து ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் உரசி அவையும் தங்கள் பங்குக்குச் சூட்டைச் சேர்க்கின்றன. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முழுகியிருப்பதால், அந்தச் சூடு நேராக ஆயிலுக்குப் போகிறது.

சிக்னலில் பச்சை விழ அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். முன்னே இடைவெளி விட்டு, கிளட்சை முழுதாக விட்டு ஓடக்கூடிய அளவுக்கு இடம் கிடைத்த பிறகு நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஊர் வந்து சேர்ந்ததும், "சூடான இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆற வேண்டும்" என்று நின்றபடியே ஓடவிடுபவர்கள் உண்டு. காற்றால் குளிரும் வண்டிக்கு இது தலைகீழ் வைத்தியம். காற்றில்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சூடு கூடுமே தவிரக் குறையாது. அணைத்துவிடுவதே சரி.

மலைப்பாதையும் இப்படித்தான். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் கொல்லிமலைக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் நிறைய. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில், அதிகச் சுழற்சியில், மணிக்கு 20, 25 வேகத்தில், பின்னால் ஒருவரையும் பையையும் வைத்துக்கொண்டு ஏறும்போது வெப்பம் உச்சத்தில், காற்று அடிமட்டத்தில். சமவெளியில் ஆற வைக்காத வண்டியை இங்கே பாதி வழியில் பத்து நிமிடம் நிறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. பெரிய கியரில் போட்டு வண்டியைத் திணற அடிப்பது மிகவும் கெடுதல். திணறும்போது உள்ளே கூழாங்கல்லைக் குலுக்குவது போல டக்டக்கென்று ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். பெட்ரோல் உரிய தருணத்துக்கு முன் தானாகவே வெடிக்கிறது என்று பொருள். கேட்டவுடன் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள். இறங்கும்போது சூடு இன்ஜினைவிட்டு பிரேக்குக்கு மாறிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக் பிழைக்கும்.

சூடு மிஞ்சுவதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. கியர் மாற்றும்போது கட்டையாக இருக்கும், நியூட்ரல் விழ மறுக்கும், ஆக்சிலேட்டரைத் திருகியும் வண்டி இழுக்காது. இவை சேர்ந்து வந்தால் நிழலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 170 டிகிரி அலுமினியத்தில் குளிர்ந்த தண்ணீர் படும்போது ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி மறுபக்கம் விரிந்தபடியே இருக்கும். விரிசல் விழலாம், கேஸ்கட் போகலாம். பாட்டில் தண்ணீரை உங்கள் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள், அங்கேதான் அதற்கு மதிப்பு.

ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்குக் கணக்கு சற்று மாறும். அவற்றில் இன்ஜினின் சூட்டை ஏந்திவரும் கூலன்ட் என்ற திரவம் சுமார் 90 டிகிரியில் இருக்கும். 40 டிகிரிக் காற்றுக்கு எதிரே வித்தியாசம் ஐம்பதுதான். ஆகவே வெளி வெப்பம் இந்த வண்டிகளைக் காற்றால் குளிரும் வண்டியைவிட அதிகமாகவே பாதிக்கும். அதை ஈடுகட்டத்தான் மின்விசிறி இருக்கிறது. நெரிசலில் அது சுழலத் தொடங்கியதும் இன்ஜின் நிம்மதியடையும். ஆனால் அந்தச் சூட்டையெல்லாம் விசிறி உங்கள் முழங்கால் மேல் ஊதித் தள்ளும். ரேடியேட்டர் வைத்த வண்டி வாங்கினால் கால் சுடாது என்று நினைத்து வாங்கியவர்கள் புலம்புவதற்கு இதுவே காரணம். பயணத்துக்கு முன் கூலன்ட் அளவை அதன் உபரித் தொட்டியில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே பார்த்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் திரவம் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் முதலாவது ஆயில். ஆயில் உராய்வைக் குறைக்கிறது என்று எல்லோரும் அறிவார்கள். பிஸ்டனின் சூட்டை அங்கிருந்து ஏந்தி வந்து இன்ஜினின் மற்றப் பகுதிகளில் இறக்கிவைப்பதும் அதுதான் என்பதைப் பலர் நினைப்பதில்லை. சிறிய வண்டியில் மொத்தமே சுமார் ஒரு லிட்டர். அதில் கால் லிட்டர் குறைந்தால் மீதி முக்கால் லிட்டர் அந்த வேலை முழுவதையும் சுமக்கிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் வெயிலுக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்லலாம். டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பது ஆயில் எவ்வளவு கெட்டியானது என்பதைக் குறிக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். கெட்டி ஆயில் குறுகலான வழிகளில் மெதுவாகப் பாயும், சூட்டை ஏந்திவரும் வேலையும் மந்தமாகும். விலை உயர்ந்த, ஆக்டேன் அதிகமான பெட்ரோல் இன்ஜினைக் குளிர்விக்கும் என்பதும் தவறு. அது நாக்கிங்கைத் தடுக்கும். சாதாரண பெட்ரோலுக்கு என்று வடிவமைத்த வண்டியில் நாக்கிங்கே இல்லாதபோது அதற்கு வேலையும் இல்லை.

சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளைப் பாருங்கள். காற்று படும் பரப்பை அதிகரிக்கத்தான் அந்த அமைப்பு. மழைக்காலச் சேறு காய்ந்து அவற்றின் இடுக்கை அடைத்திருந்தால் அது போர்வை போர்த்தியது மாதிரிதான். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். முன்பக்கக் கம்பியில் பைகளையும் தண்ணீர்க் கேன்களையும் கட்டிக்கொண்டு போவது இப்போது மோஸ்தராகிவிட்டது. படத்துக்கு அழகாக இருக்கும், இன்ஜினுக்கு வரும் காற்றை மறிக்கும். பையைப் பின்னால் கட்டுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பிடியுங்கள். ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்து பயந்து காற்றை இறக்கினால், குறைந்த காற்றில் டயர் அதிகம் நெளிந்து மேலும் சூடாகும்.

வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் 2020 ஏப்ரலில் வந்த பிறகு வாங்கிய வண்டிகளில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சர் குழாயின் நடுவிலோ இன்ஜினுக்கு அருகிலோ இருக்கும். பல நூறு டிகிரி சூட்டில்தான் அது வேலையே செய்யும். பழைய வண்டியில் சுடாத இடம் புது வண்டியில் சுடுகிறது என்றால் உடனே பழுது என்று எண்ண வேண்டாம். அரைக்கால் சட்டையோடும் ரப்பர்ச் செருப்போடும் ஓட்டுபவர்களுக்குத்தான் தழும்பு விழும். தடித்த முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் ஷூவும் இந்தச் சிக்கலில் முக்கால் பங்கைத் தீர்த்துவிடும்.

இனி உடம்பு

தோலைவிடக் காற்று சூடானதும் நமக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஆனால் வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். அதுவே சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தால் அநேகமாக எதையும் எடுத்துப் போகாது, நம்மிடமிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இந்த ஒரு வாக்கியத்தில் நம் ஊரின் வெயிலும் உள்மாவட்ட வெயிலும் பிரிகின்றன. கடலூர், புதுச்சேரி, மரக்காணம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். 35 டிகிரியிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், வியர்வை காயாது. இங்கே தேவை காற்றோட்டம். கண்ணி கண்ணியாகத் துளையிட்ட மெஷ் ஜாக்கெட், உள்ளே உடம்போடு ஒட்டாத மெல்லிய சட்டை, ஹெல்மெட்டின் காற்றுத் துளைகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை சமாளிக்கலாம், நின்றால் வேகும்.

விருத்தாசலம் தாண்டி சேலம் சாலையிலோ, உளுந்தூர்பேட்டை தாண்டித் திருச்சிச் சாலையிலோ போகப் போக ஈரம் குறைந்து வெப்பம் கூடும். அங்கே ஏமாற்றம் வேறு மாதிரி. வியர்வை வந்த கணமே ஆவியாகிவிடுவதால், "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று தோன்றும். உண்மையில் மணிக்கு அரை லிட்டரோ ஒரு லிட்டரோ போய்க்கொண்டிருக்கும். உடம்பைத் திறந்துவிடுவதுதான் குளிர்ச்சி என்று அரைக்கைச் சட்டையோடு 40 டிகிரிக் காற்றுக்கு எதிரே போகிறவர், அடுப்புக் காற்றைத் தோலின் மேல் வாங்கிக்கொள்கிறார். இங்கே உடம்பை மூட வேண்டும், ஆனால் ஈரமாக மூட வேண்டும். பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே மெஷ் ஜாக்கெட்டை மாட்டி, கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டால், உங்கள் வியர்வை செய்ய வேண்டிய வேலையைக் குழாய்த் தண்ணீர் செய்யும். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். இதே தந்திரம் கடற்கரைச் சாலையில் பாதிகூடப் பலிக்காது, ஈரக் காற்றில் ஈரத்துணி காயாது.

கடற்காற்றின் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தரை சூடேறிய பிறகு, நண்பகலையொட்டி அது கரையேறும். மேலைக்காற்று பலமாக வீசும் நாட்களில் தாமதமாகும், அந்த நாட்களில்தான் கடலூரும் புதுச்சேரியும் 40 டிகிரியைத் தொடுகின்றன. மாலையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள், வழியில் ஓரிடத்தில் காற்று சட்டென்று மாறுவதை உணரலாம். ஆகவே கோடையில் என் யோசனை இது: உள்மாவட்டத்துக்குப் போவதானால் விடியலுக்கு முன் நாலரை மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருந்தால் நாலு மணிக்கு மேல் தொடருங்கள். நடுப்பகல் ஐந்து மணி நேரத்தை வீணான நேரம் என்று நினைப்பவர்கள்தான் அதை மருத்துவமனையில் கழிக்கிறார்கள்.

தாகம் எடுத்த பின் குடிப்பது தாமதம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் லிட்டராவது குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். வெறும் தண்ணீராகவே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால், வியர்வையோடு போன உப்பு திரும்புவதில்லை, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட நீர்மோர் நம்மிடம் இருக்கும்போது வண்ண வண்ண பானங்களைத் தேடுவானேன்? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும், அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், கெட்டியாகக் கரைப்பதால் கூடுதல் பலன் கிடையாது. திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணியும் விழுப்புரச் சாலையோர நுங்கும் இந்தப் பருவத்துக்கென்றே வருபவை. மதியம் மீன்குழம்புச் சாப்பாடு முழுதாகச் சாப்பிட்டுவிட்டு ஓட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தூக்கமும் சூடும் சேர்ந்தால் கண் இமை தானாக மூடும்.

உட்காரும் இடத்து வலிக்கும் சூட்டுக்கும் தொடர்பு உண்டு. ஜீன்ஸின் தடித்த தையல், வியர்வையில் நனைந்த உள்ளாடை, வெயிலில் காய்ந்த கறுப்பு சீட், மூன்றும் சேர்ந்து தோலை உரித்துவிடும். நனைந்தால் விரைவில் காயும் விளையாட்டு உள்ளாடை நல்லது. நிறுத்தும்போது சீட்டின் மேல் ஒரு துண்டை விரித்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை, சாலை காலியாக இருக்கும்போது, கால்மிதிகளின் மேல் ஊன்றிச் சில நொடிகள் இடுப்பைத் தூக்குங்கள். ரத்த ஓட்டமும் காற்றோட்டமும் ஒருசேரக் கிடைக்கும்.

வேர்க்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுவதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காற்றுத் துளையும் உள்ள ஹெல்மெட்டும், உள்ளே மெல்லிய பருத்தித் தலைத்துணியும் போதும். நிறுத்தங்களில் அந்தத் துணியை மாற்றலாம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடக் கூடாது. ஓட்டுகிறவரின் முதுகு காற்றை மறைப்பதால் அவருக்குக் காற்றும் குறைவு, சைலன்சர் சூடும் அருகில், செய்வதற்கு வேலையும் இல்லை. மயக்கம் வந்தால் விழுவது அவர்தான். அடிக்கடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய வியர்வை, இவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் நிழல், தண்ணீர், கால்களை உயர்த்திப் படுத்தல், குறைந்தது ஒரு மணி நேரம். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்ற நினைவு தப்பினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. தோல் வறண்டிருக்கலாம், ஈரமாகவும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இரவு தங்கும் இடத்துக்கு வந்ததும் இரண்டு வேலைகள். செயின் சூடாக இருக்கும்போதே அதற்கு எண்ணெய் அடித்துவிடுங்கள். இடுக்குகளில் நன்றாக இறங்கும், காலைக்குள் படிந்தும் விடும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். கழுவுவதானால் இன்ஜினைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு கழுவுங்கள்.